அச்சா, அசலா? 'பதிப்போவியம்' என்னும் சொல்

பிரிண்ட்மேக்கிங் என்பது ஓவியர் தன் கையாலேயே ஒரு பரப்பைச் செதுக்கியோ, அமிலத்தால் அரித்தோ, மை பூசித் தாளில் ஒற்றி எடுக்கும் கலை. பரப்பு மரப்பலகையாக இருக்கலாம், செப்புத்தகடாக இருக்கலாம், கல்லாகவோ, லினோலியம் என்னும் தரைவிரிப்புப் பொருளாகவோ இருக்கலாம். தாளில் மை விழும் வரை அந்த ஓவியம் வேறெங்கும் முழுதாக இருப்பதில்லை. பலகையில் இருப்பது இடவலம் மாறிய பள்ளமும் மேடும்தான்.

இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஹின் பஸ் டிப்போ ஞாயிறு சந்தை மாதிரி இடங்களில் இப்படிப்பட்ட படங்களைக் கடை விரித்தால், "இது ஒரிஜினலா, பிரிண்ட்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "பிரிண்ட்தான், ஆனா ஒரிஜினல்" என்றால் கேட்டவர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிரிண்ட் என்றால் நமக்கு ஜெராக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை.

தமிழில் சட்டென்று வரும் சொல் அச்சு. வார்ப்பும் அச்சுதான், அதிலிருந்து வந்து விழுவதும் அச்சுதான். அச்சுமுறுக்குச் சுடும்போது எண்ணெயில் முக்கும் இரும்புப் பூவுக்கும் அச்சு என்றே பெயர். கன்னடம், தெலுங்கு, மலையாளத்திலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. (குறள் 475இல் மயிலிறகு ஏற்றிய வண்டியில் முறிகிற அச்சு வேறு, அது சக்கரங்கள் சுழலும் தண்டு.) 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் அச்சு என்றாலே புத்தகம், அச்சகம், அச்சுக்கோப்பவர் என்றாகிவிட்டது. அதனால் பிரிண்ட்மேக்கிங்கை 'அச்சுக்கலை' என்று எழுதினால், வாசகர் கண்ணில் ஹைடல்பெர்க் அச்சு இயந்திரம்தான் வந்து நிற்கும்.

ஆனால் 'அச்சு அசல்' என்று ஒரு வழக்கு நம்மிடம் இருக்கிறது. "அச்சு அசலா அப்பன் மாதிரியே இருக்கான்" என்கிறோம். அசல் அரபியிலிருந்து வந்த சொல். மலாயில் 'அஸ்லி' என்று நாம் தினமும் கேட்பதற்கும் அதே வேர்தான். பிரிண்ட் வாங்க வருகிறவரிடம் "இது அச்சு, இதுவேதான் அசல்" என்று சொல்லிப் பாருங்கள், பாதி விளக்கம் முடிந்துவிடும்.

சரி, கலைக்குப் பெயர்? நான் 'பதிப்போவியம்' பக்கம். பதி என்பதில் அழுத்தம் இருக்கிறது. ஈர மண்ணில் கால் பதிகிறது, முத்திரை பதிக்கிறோம். கூடவே பதிப்பு என்றால் எடிஷன். இந்தக் கலைக்கு எடிஷன்தான் உயிர். படத்தின் அடியில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருந்தால், முப்பது எடுத்ததில் இது ஏழாவது. ஓவியர் தனக்கென்று எடுத்துக்கொள்பவற்றில் ஏ/பி (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்றிருக்கும். பதிப்பு என்றதும் பதிப்பகம் நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். 'அச்சோவியம்' சுருக்கமாக இருக்கிறதே என்கிறார்கள். அதுவும் தப்பில்லை. ஆனால் எண்ணிக்கையை உள்ளே வைத்திருக்கும் சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரும், இங்கே பெரும்பாலும் வராது. ஒரே லினோலியத் துண்டை ஒவ்வொரு வண்ணத்துக்கும் மேலும் மேலும் செதுக்கிக்கொண்டே போகும் முறை ஒன்று உண்டு. பிக்காசோ 1950களின் கடைசியில் இதில் நிறையச் செய்தார். கடைசி வண்ணம் முடியும்போது அந்த வண்ணத்துக்கான பகுதி மட்டும்தான் மிச்சமிருக்கும், மறுபடி எடுக்க வழியில்லை.

இப்படி லினோலியத்தைச் செதுக்கி எடுக்கும் 'லினோகட்' முறையை 'லினோ செதுக்கல்' என்றே விட்டுவிடலாம். லினோலியம் 1860களில் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் வால்ட்டன் தரைவிரிப்புக்காக உருவாக்கியது. லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச்செடி, 'ஓலியும்' என்றால் எண்ணெய். நம் வீடுகளில் தீபாவளிக்கு முன் மாற்றுகிற 'தீக்கார் கெத்தா' என்னும் தரைவிரிப்புக்கு இது மூத்த அண்ணன். குளிர்நாடுகளில் லினோவைச் சூடுகாட்டி இளக்கிவிட்டுச் செதுக்குவார்கள். பினாங்கு வெயிலில் ஜன்னலோரம் வைத்தாலே போதும்.

இங்கே ஒரு ஸ்டூடியோவில் சிறுவர் நூல் அட்டைக்காகத் தமிழ் எழுத்தைச் செதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்து கறுப்பாக விழ வேண்டுமென்றால், எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதையெல்லாம் எடுக்க வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. 'ண'வின் சுழிகளுக்குள் இருக்கும் குட்டித் துண்டைத் தோண்டும்போது மெல்லிய சுவர் உடைந்தால் போச்சு, அந்த எழுத்தே போச்சு. "கைய உளிக்கு முன்னால வைக்காத தம்பி" என்று செதுக்கிக்கொண்டிருந்த அக்கா உதவிக்கு வந்த பையனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். உருளையைக் கண்ணாடிமேல் ஓட்டும்போது மை 'ஸ்ஸ்' என்று ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் வந்தால்தான் பக்குவம். எண்ணெய் மை இந்த ஊர் ஈரக்காற்றில் காய நாள்கணக்காகும்; அதுவரை தாள்கள் கிளிப்பில் தொங்கும்.

அழுத்த இயந்திரம் இல்லையென்றால் மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாலும் பதியும். மலேசியாவின் சபா மாநிலத்தில் ரானாவ் என்னும் ஊரில் 2010இல் உருவான பங்ரோக் சுலாப் என்ற கலைக்குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெரிய ஒட்டுப்பலகையைச் செதுக்கி, மேலே துணியை விரித்து, அதன்மேல் வெறுங்காலில் ஆடியே மையை ஏற்றுகிறார்கள். பதிப்பு என்பதற்கு இதைவிட நேரான பொருள் கிடையாது.

படத்தின் ஓரத்தில் மையில்லாமல் அழுத்திய சின்ன முத்திரை ஒன்று சில சமயம் இருக்கும்; அச்செடுத்த பட்டறையின் அடையாளம் அது. ஆங்கிலத்தில் அதை 'சாப்' என்பார்கள். இந்தியின் 'சாப்' மலாய்க்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். "கம்பெனி சாப்பு அடிச்சாச்சா?" என்று கேட்கிற மலேசியத் தமிழருக்கு இதை மொழிபெயர்த்துக் காட்டத் தேவையில்லை. சாப்பு என்றே எழுதலாம்.

மிக்ஸ்ட் மீடியாதான் எனக்குத் தலைவலி. 'கலப்பு ஊடகம்' என்றால் டிவியும் பத்திரிகையும் கூட்டுச் சேர்ந்த மாதிரி இருக்கிறது. 'பல்பொருள் ஓவியம்' என்றால் அங்காடி ஞாபகம். லினோவில் கறுப்பு எடுத்து, மேலே நீர்வண்ணம் பூசி, பழைய தினசரி நாட்காட்டித் தாளையோ சீனர்கள் எரிக்கும் பொன்தாளையோ கிழித்து ஒட்டுவதற்கு 'கலவை ஓவியம்' போதும். கொலாஜை 'ஒட்டோவியம்' என்றால் சரியாக இருக்கும். பிரெஞ்சுச் சொல்லும் ஒட்டுவதிலிருந்து பிறந்ததுதான்.

காட்சிக்கு வைக்கும் அட்டையில் இவற்றையெல்லாம் விளக்க இடமிருக்காது. 'பதிப்போவியம், 7/30. லினோ செதுக்கல், நீர்வண்ணம், ஒட்டுத்தாள்' என்று எழுதி, கீழே மலாயில் 'செனி செத்தாக்' என்று போட்டுவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். விலையை மட்டும் பெரிதாக எழுதுங்கள். அடுத்த கேள்வி அதுதான்.