சி.டி.சி. ரோலரின் பல்லும் பட்டறை இன்ஜினியரும்

குன்னூர், கோத்தகிரி, குந்தா வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை சி.டி.சி. (crush, tear, curl: இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும்) முறையில் ஓடுகின்றன. 1930இல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இயந்திரம். அடிப்படை இன்றும் அதேதான். ஜோடியாக இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று, இன்னொன்று 700. மெதுவானது இலையைப் பிடித்துக் கொடுக்கும், வேகமானது கிழிக்கும். ரோலர் விட்டம் எட்டேகால் அங்குலம் என்றால் வேக ரோலரின் பல் நிமிடத்துக்கு 460 மீட்டர் ஓடுகிறது. மற்றதன் பல் 46 மீட்டர்தான். இலை அரைபடாமல் அறுபடுவது இந்த வித்தியாசத்தால்.

நடுவில் ஷாஃப்ட், அதன்மேல் கோத்து இறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செக்மென்ட்கள் (வளையத் துண்டுகள்): ரோலர் அவ்வளவுதான். செக்மென்ட்டின் மேல் சுற்றுவாக்கில் வி வடிவக் காடிகள் (நீள்பள்ளங்கள்), அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சாய்வான ஹெலிக்கல் காடிகள். முன்னதை வெட்டுவது சேசிங், பின்னதை வெட்டுவது மில்லிங். இரண்டுக்கும் இடையே மிஞ்சி நிற்பதுதான் பல். அங்குலத்துக்கு 8 பல் என்றால் பல்லுக்குப் பல் 3.175 மி.மீ. ஒரு ரோலரின் பல் அடுத்ததன் காடிக்குள் சரியாக இறங்கி ஓட வேண்டும்.

பல் மழுங்கினால் இலை நசுங்கும், சூடேறும், நார் கூடும், தூள் தட்டையாக வரும். அப்போது ரோலரைக் கழற்றி லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஏற்றி, பழைய பல்லைக் கடைந்தெடுத்துப் புதிதாக வெட்டுவார்கள். பழகிய டர்னருக்கு (கடைசல்காரருக்கு) இது கைவந்த வேலை. அப்புறம் பட்டறைக்குள்ளேயே ஓர் உற்பத்திப் பொறியாளர் எதற்கு?

முதல் காரணம், எவ்வளவு கடைவது என்ற முடிவு. ஓர் உதாரணக் கணக்கு: ஒரு ரோலரில் விட்டத்தில் 20 மி.மீ. வரை தேய்க்க இடமிருக்கிறது. தடவைக்கு 1 மி.மீ. எடுத்தால் 20 சார்ப்பனிங் (பல்லைப் புதிதாக வெட்டுவது), ஒன்றரை எடுத்தால் 13. எங்கோ ஆணி பட்டு ஒரு செக்மென்ட் மட்டும் ஆழமாக அடிபட்டிருக்கும். அந்தப் பள்ளம் மறையும்வரை முழு ரோலரையும் கடைவதுதான் வழக்கம். பாதி தேய்ந்த செக்மென்ட்களை விட்டவாரியாக எடுத்துவைத்திருக்கும் பட்டறையில் அந்த ஒன்றை மட்டும் மாற்றி முடித்துவிடலாம். எடுத்துவைக்கச் சொல்வதும், ரோலருக்கு ரோலர் நம்பர், விட்டம், ஓடிய மணி எல்லாம் எழுதிய கார்டு போடுவதும் இன்ஜினியர் வேலை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து லாரி நின்றுபோகும் மழைக்காலத்தில், கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய செக்மென்ட்டைவிட அலமாரியில் இருக்கும் தேய்ந்த செக்மென்ட்டுக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது உலோகத்தின் குணம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை டூல் வெட்டாமல் உரசினால் மேல்தோல் கெட்டிப்படும். ‘கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம்’ என்று மிக மெல்லிய பாஸ் (டூலை ஒருமுறை ஓட்டி எடுப்பது) போடுவது ஜாக்கிரதை போலத் தெரியும். உண்மையில் அடுத்த பாஸுக்கு இன்னும் கடினமான பரப்பைத் தயார் செய்கிறது, டூல் முனையும் போகிறது. ஒவ்வொரு பாஸும் கெட்டிப்பட்ட தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். வெப்பமும் சுலபத்தில் வெளியேறாது. கடைந்த சூட்டோடு, 20 டிகிரி கூடுதலாக இருக்கும்போது மைக்ரோமீட்டர் வைத்தால் 200 மி.மீ. விட்டம் ஏறக்குறைய 0.07 மி.மீ. பெரிதாகக் காட்டும். குன்னூர்க் குளிரில் காலையில் திரும்ப அளந்துவிட்டு, டர்னர் தப்பாகக் கடைந்தார் என்று சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

காடிகளின் இடைவெளிதான் எல்லாவற்றிலும் நுணுக்கமானது. ஓர் அங்குலத்துக்கு 0.01 மி.மீ. பிசகினால் 36 அங்குல ரோலரின் கடைசியில் 0.36 மி.மீ. சேர்ந்துவிடும், ஒரு முனையில் பல் காடிக்குள் ஓட, மறுமுனையில் பல்லோடு பல் உரசும். பிசகு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், டூலை நீளவாக்கில் நகர்த்தும் லேத்தின் லீட் ஸ்க்ரூவிலிருந்து. வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில்தான் வேலை அதிகம் நடக்கும், அங்கேதான் தேய்மானமும் அதிகம். மரைக்கும் நட்டுக்கும் இடையே வரும் தளர்ச்சியான பேக்லாஷ் வேறு. இந்த லேத் எந்த இடத்தில் எவ்வளவு தவறுகிறது என்று டயல் கேஜ் வைத்து நீளம் முழுக்க அளந்து சார்ட் எழுதிவைப்பது, வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் நிபுணரால் ஆகிற காரியமல்ல. லேத்தில் ஏற்றியதுமே ஷாஃப்ட்டின் சென்டர் துளை அடிபட்டிருக்கிறதா, பேரிங் உட்காரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சென்டர் கோணலாயிருந்தால் அதன்மேல் எவ்வளவு அழகாகப் பல் வெட்டினாலும் ரோலர் இயந்திரத்தில் ஆடத்தான் செய்யும்.

கடைசியாக பர். மில்லிங், சேசிங் இரண்டில் எதைப் பின்னால் செய்தாலும் முந்தைய காடியின் ஓரத்தில் மெல்லிய பிசிர் நிற்கும். அதை எடுக்காமல் ஓட்டினால் உடைந்து தூளோடு போகும். தொழிற்சாலையில் காந்தம் இருக்கிறதே என்று நம்பிவிடக்கூடாது. இந்த ரகம் இயல்பாகக் காந்தத்தில் ஒட்டாது. வெட்டும்போது அமுங்கிக் கெட்டிப்பட்ட துணுக்கு மட்டும் லேசாக ஒட்டலாம். ஆகவே ஒயர் பிரஷ் போட்டு, கழுவி, ஜோடியை வெறுமனே கொஞ்ச நேரம் ஓட்டி, முதலில் விழும் இலையை மூட்டையில் சேர்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். பிறகு அந்த ஜோடியிலிருந்து வரும் இலையை இன்ஜினியரே கையில் அள்ளிப் பார்த்து, நாரும் சூடும் எப்படி என்று ரோலர் கார்டில் குறிக்க வேண்டும். அடுத்த சார்ப்பனிங்குக்கு எத்தனை மணி நேரம் விடலாம் என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.