குழந்தைக்குக் கண் அழுத்த நோய் அறுவை சிகிச்சை: காப்பீட்டு அட்டையை நம்பிப் போகும் முன்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அறிவிப்புப் பலகை சொல்வது இவ்வளவுதான். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பவர்களுக்குத் தேவையானது அதில் இருக்காது.

வெளிச்சத்துக்குக் கூசிக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தையை முந்தானையால் போர்த்தியபடி நின்ற ஒரு தாயிடம், "ரேஷன் கார்டில் பிள்ளை பேர் இல்லையேம்மா" என்று அங்கிருந்த அலுவலர் சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெயர் சேர்க்கப் போன இடத்தில், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே பதிவாகவில்லை என்றார்கள். பிறந்த உடனே வாங்கும் சான்றிதழ் பலவற்றில் பெயர் இருப்பதில்லை. பதிவான 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை ஏனோ யாரும் முதலிலேயே சொல்வதில்லை. ஆகவே வரிசை இதுதான்: பிறப்புச் சான்றிதழில் பெயர், பிறகு குழந்தைக்கான ஆதார், பிறகு குடும்ப அட்டை. ஐந்து வயதுக்குள் கைரேகை எடுக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழோடு பெற்றோரில் ஒருவரின் ஆதார் போதும்.

இந்த அலைச்சல் முடியட்டும் என்று கண் காத்திருக்காது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைக் கெடுக்கும் இந்தக் கண் அழுத்த நோயை (கிளாக்கோமா), பெரியவர்களுக்குச் சொட்டு மருந்தால் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்கலாம். பிறவியிலேயே வருவதற்கோ, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற வழி திறந்துவிடும் அறுவை சிகிச்சையே முதன்மையான வழி. தாமதித்தால் கருவிழி மங்கி, பார்வை நரம்பு கெட்டு, இழந்த பார்வை திரும்பாது. ("கண் எவ்வளவு பெரிதாக, அழகாக இருக்கிறது" என்று ஊரே மெச்சிய பிறகுதான் பல குழந்தைகள் மருத்துவரிடம் வருகின்றன.) எனவே சான்றிதழ்களுக்கு ஒருவர் அலையட்டும், மற்றொருவர் குழந்தையை அரசுக் கண் மருத்துவமனைக்குக் கொண்டு போகட்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்க காப்பீட்டு அட்டை முன்நிபந்தனை அல்ல; "அட்டையோடு வாருங்கள்" என்று யாரேனும் திருப்பியனுப்பினால், நிலைய மருத்துவ அலுவலரைப் பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

தனியார் மருத்துவமனை என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வாசலில் திட்டத்தின் பலகை தொங்குவது மட்டும் போதாது. இதய சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை கண் சிகிச்சைக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு ஒப்புதல் வந்திருக்க வேண்டும். "இப்போது கட்டுங்கள், ஒப்புதல் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்ற பேச்சுக்கு இணங்கிக் கட்டிய பணம் திரும்புவது அரிது. நோய் பெரும்பாலும் இரு கண்களையும் தாக்கும் என்பதால், ஒப்புதல் ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா என்பதையும் கேளுங்கள்.

ஒரே அறுவையோடு இது முடிவதில்லை. கண் அழுத்தத்தை அளக்கச் சிறு குழந்தைக்குப் பலமுறை மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், சிலருக்கு மறுபடி அறுவையும் தேவைப்படும், கண்ணாடியும் வரும். அந்த மறுபரிசோதனைகளுக்குத் திட்டத்தில் பணம் உண்டா என்பதை முதல் நாளே கேளுங்கள். வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கத்தில் இரு கண்களின் அழுத்த அளவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, நகலெடுத்து வையுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்க்கும்போது ஒப்பிட அந்த எண்கள்தான் கையில் இருக்கும்.