உங்கள் வீட்டில் முதன்முதலில் ஆள் குடியேறியது எப்போது?

போன மாதம் ஒரு அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். டொரன்டோவின் ஸ்காபரோவில் புதிதாக எழும்பிய ஒரு கொண்டோ அடுக்குமாடியில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறார். மாத வாடகை 1,950 டொலர். மூன்று மாதத்துக்குப் பிறகு 2,450 டொலர் கட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் கடிதம் கொடுத்திருந்தார்.

“தம்பி, வருசத்துக்கு இரண்டரை வீதத்துக்கு மேல கூட்டேலாது எண்டுதானே எல்லாரும் சொல்லுறவை. இது பிழையான கடிதம்தானே?”

படிவத்தின் தலைப்பைப் பார்த்தேன். வழக்கமான வாடகை உயர்வுக்குரிய என்1 இல்லை, என்2. வாடகை உச்சவரம்புக்குள் வராத வீடுகளுக்குக் கொடுக்கிற படிவம் அது. அந்தக் கட்டடத்தில் 2021 இல்தான் முதல் ஆட்கள் குடிவந்தார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு அரசு அறிவிக்கும் வருடாந்த வரம்பு பொருந்தாது. 90 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் 500 டொலர் கூட்டினாலும் சட்டப்படி செல்லும். அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பராலீகலாக, அதாவது வழக்கறிஞர் அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பணியாளராக இந்த வேலையைச் செய்யும் எனக்கு இது பழகிப்போன கதை. தேர்தல் காலத்தில் வீட்டு வாடகையைப் பற்றி எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. சிறுபான்மை அரசு அமைந்தால் கட்சிகளுக்கிடையில் ஒப்பந்தமும் வருகிறது, அதிலும் “வீடு” என்று ஒரு பந்தி இருக்கிறது. அந்தப் பந்தியால் உங்கள் வாடகை மாறுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சட்டமாக வரப்போகிறதா, ஒருமுறைக் கொடுப்பனவா என்று பாருங்கள். சட்டம் என்றால், எந்தத் தேதிக்கு முன் வந்த வீடுகளுக்கு என்று பாருங்கள்.

இந்த மாகாணத்தின் வாடகைச் சட்டமே ஒரு பேரத்தில் பிறந்ததுதான். 1975 மாகாணத் தேர்தல் பிரசாரத்தில் என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) தலைவர் ஸ்டீபன் லூயிஸ், வாடகை ஏற்றத்தால் நொந்துபோன குடியிருப்பாளர்களின் கதைகளை மேடை மேடையாகச் சொன்னார். ஆளும் கன்சவேட்டிவ் முதல்வர் பில் டேவிஸும் வேறு வழியின்றி வாடகை மீளாய்வுக்கு, அதாவது வாடகை ஏற்றத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதற்கு, வாக்குக் கொடுத்தார். 125 ஆசனங்களில் அவருக்கு 51 தான் கிடைத்தது, லூயிஸுக்கு 38. சிறுபான்மை அரசின் காலத்தில் சட்டம் வேகமாக வந்தது. ஆனால் 1976 முதல் குடியேறும் புதுக் கட்டடங்களை அது விட்டுவிட்டது. கட்டுபவர்கள் பின்வாங்கிவிடக் கூடாது என்பதே காரணம்.

பத்து வருடத்தில் அந்தப் புதுக் கட்டடங்களிலும் ஏராளமானோர் குடியிருந்தார்கள், பாதுகாப்பு எதுவும் இல்லாமல். 1985 மே தேர்தலில் கன்சவேட்டிவ் 52, லிபரல் 48, என்.டி.பி. 25. லிபரல் தலைவர் டேவிட் பீட்டர்சனும் என்.டி.பி. தலைவர் பொப் ரேயும் எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். என்.டி.பி.க்கு அமைச்சர் பதவி எதுவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு அவர்கள் அரசைக் கவிழ்க்க மாட்டார்கள், லிபரலும் தேர்தலுக்குப் போகாது. பதிலாகச் செய்ய வேண்டியவை பட்டியலாக எழுதப்பட்டன. 1976க்குப் பிறகு வந்த கட்டடங்களையும் வாடகை மீளாய்வுக்குள் கொண்டுவருவது அந்தப் பட்டியலில் இருந்தது. ஜூனில் 42 வருடக் கன்சவேட்டிவ் ஆட்சி முடிந்தது. 1986 இல் சட்டமும் வந்தது. எந்த வீடு, எந்த வருடம், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதனால்தான் அது வெறும் வாக்குறுதியாக நிற்காமல் சட்டமானது.

பலன் யாருக்குப் போனது என்பது வேறு கதை. 1987 தேர்தலில் லிபரல் 130 இல் 95 ஆசனங்களை அள்ளியது. என்.டி.பி. 19க்கு இறங்கியது.

அதற்குப் பிறகு அந்தத் தேதிக் கோடு பலமுறை நகர்ந்திருக்கிறது. மைக் ஹரிஸ் அரசின் 1997 சட்டம் 1991 நவம்பருக்குப் பிந்திய கட்டடங்களை வெளியே விட்டது. ஆள் மாறும்போது வாடகையை எவ்வளவும் வைக்கலாம் என்றும் ஆக்கியது. பழைய குடியிருப்பாளரை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று சில வீட்டுக்காரருக்குத் தோன்றுவது இதனால்தான். 2017 இல் கத்லீன் வின் அரசு 1991 கோட்டை அழித்தது. அடுத்த வருடமே டக் போர்ட் அரசு 2018 கோட்டைப் போட்டது. இந்த மூன்றும் பெரும்பான்மை அரசுகள் செய்தவை, யாரோடும் பேரம் பேசத் தேவையில்லை. புது வீடுகள் கட்டப்பட வேண்டும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை, வீடு போதாமல் இருப்பது உண்மை. ஆனால் சில வருடங்களுக்கு விலக்கு என்பது ஒன்று, முடிவே இல்லாத விலக்கு என்பது வேறு. இரண்டாவதை என்னால் ஏற்க முடியாது.

மத்திய அரசு இருக்கும் ஒட்டாவாவில் நடந்ததையும் பாருங்கள். 2022 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ட்ரூடோவின் சிறுபான்மை லிபரல் அரசுக்கும் ஜக்மீத் சிங்கின் என்.டி.பி.க்கும் உடன்பாடு வந்தது. வாடகைச் சட்டம் மாகாணத்தின் கையில் இருப்பதால் மத்திய அரசு பெரும்பாலும் பணம் மூலம்தான் உதவ முடியும். குறைந்த வருமானத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 500 டொலர் ஒருமுறைக் கொடுப்பனவு கிடைத்தது. குடும்பத்தின் தேறிய வருமானம் 35,000 டொலருக்குள், தனியாள் என்றால் 20,000க்குள் இருக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் எத்தனையோ பேருக்கு நானே விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன், சிலருக்கு அது பெரிய ஆறுதல்தான். 2024 செப்டம்பரில் சிங் உடன்பாட்டை முறித்தார். அதே உடன்பாட்டில் வந்த பல் மருத்துவத் திட்டம் தொடர்ந்தது, 500 டொலர் ஒருதடவையோடு நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் தேர்தலில் என்.டி.பி.க்கு மிஞ்சியது 7 ஆசனங்கள்.

சரி, நம்மவர் வீடுகளுக்கு வருகிறேன். தமிழர் வாழும் தெருக்களில் பேஸ்மென்ட்தான் பெரிய சிக்கல். பழைய வீட்டிலும் 2018 நவம்பருக்குப் பிறகு புதிதாக உருவாக்கிய பேஸ்மென்ட் வீடு சில நிபந்தனைகளோடு விலக்குப் பெறலாம். அதனால் “பேஸ்மென்ட் எண்டால் எவ்வளவும் கூட்டலாம்” என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அது தவறு. ஒரு தம்பிக்கு இப்படித்தான் என்2 வந்தது. வீட்டுக்காரரும் தமிழர், கெட்ட மனிதரல்ல. அடைமான வட்டி ஏறி அவரும் நெருக்கடியில் இருந்தார். 2020 இல் வீட்டை வாங்கியவர், அதற்கு முன் கீழே யாரும் இருந்ததில்லை என்றே நம்பியிருந்தார். நான் தம்பியிடம் வீட்டைச் சுற்றி நன்றாகப் பார்க்கச் சொன்னேன். குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையின் நாட்காட்டி ஒட்டியிருந்தது, 2014 ஆம் ஆண்டுடையது. அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஐயாவிடம் விசாரித்தோம். அந்த நாளில் கீழே ஒரு குடும்பம் தனிக் குசினி, தனிக் குளியலறை, பூட்டுப் போட்ட தனி வாசலோடு வாடகைக்கு இருந்தது என்றார். அப்படியென்றால் விலக்குக் கிடையாது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அமைதியாகக் கதைத்தோம், என்2 ஐத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இதில் காலம் முக்கியம். சட்டத்துக்கு மாறாகக் கூட்டிய வாடகையை ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் எதிர்க்காமல் கட்டிக்கொண்டே வந்தால் அது சரியான வாடகையாக ஆகிவிடும். பிரச்சினை வேண்டாம் என்று பேசாமல் கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அவர்கள் என்னிடம் வரும்போது பதினாலு மாதம் போயிருக்கும். அப்புறம், வீட்டுக்காரரோடு ஒரே குசினியை அல்லது குளியலறையைப் பகிர வேண்டிய அறை என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. படிக்க வந்த பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

அந்த அக்கா வீடு மாறுவதென்று முடிவெடுத்தார். வீடு பார்க்கப் போகும் இடமெல்லாம் முதல் கேள்வியாக, இங்கே முதன்முதலில் ஆள் குடிவந்தது எந்த வருடம் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். நேற்று வட்ஸ்அப்பில் ஒரு உயர்மாடிக் கட்டடத்தின் படம் அனுப்பியிருந்தார், பழைய செங்கல், சின்னச் சின்னப் பல்கனிகள். கீழே எழுதியிருந்தார்: “தம்பி, இது 74 ஆம் ஆண்டுக் கட்டடமாம். எழுத்தில தரச் சொல்லிக் கேக்கவோ?”

கேளுங்கோ அக்கா என்று பதில் போட்டேன்.