அப்போக்ரிஃபா: தள்ளுபடி ஆகமமா, இணைத் திருமுறையா?

கிறிஸ்தவ வேதத்தில் எத்தனை நூல்கள் என்று கேட்டால் சீர்திருத்தத் திருச்சபையினர் (புராட்டஸ்டண்டுகள்) 66 என்பார்கள், கத்தோலிக்கர் 73 என்பார்கள். இடையிலுள்ள ஏழு நூல்களும் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், மக்கபேயர் இரண்டாம் நூல் என்பவை. எஸ்தர், தானியேல் ஆகிய நூல்களின் கிரேக்க வடிவில் மட்டும் காணப்படும் சில பகுதிகளும் இவற்றோடு சேரும். எந்த மொழிபெயர்ப்பு சுத்தமானது, எதில் கலப்பு நேர்ந்திருக்கிறது என்று கிறிஸ்தவர்கள் வாதாடும் இடங்களில் எல்லாம் இந்த நூல்களைச் சுட்ட ‘அப்போக்ரிஃபா’ என்ற சொல் வந்து விழுகிறது. சொல்லுகிறவரும் கேட்கிறவரும் அதற்கு ஒரே பொருளைக் கொள்கிறார்களா என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இது கிரேக்கச் சொல். ‘அப்போக்ரூஃபோஸ்’ என்றால் மறைத்து வைக்கப்பட்டது என்று பொருள். புதிய ஏற்பாட்டிலேயே இச்சொல் உயர்ந்த பொருளில் வருகிறது. ஞானம், அறிவு என்னும் பொக்கிஷங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் மறைந்திருப்பதாகச் சொல்லும் கொலோசெயர் 2:3இன் கிரேக்க மூலத்தில் இருப்பது இதன் பன்மை வடிவமே. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அதை ‘அடங்கியிருக்கிறது’ என்று தந்திருப்பதால் தமிழில் படிப்பவருக்கு இந்த உறவு கண்ணில் படுவதில்லை. எஸ்றாவின் பெயரால் வழங்கும் பழைய யூத நூலொன்றில், அவர் சொல்லச் சொல்ல 94 நூல்கள் எழுதப்பட்டதாகவும், அவற்றுள் 24 நூல்களை எல்லாரும் படிக்க வெளியிட்டு, எஞ்சிய 70ஐ ஞானிகளுக்கு மட்டும் கொடுக்கும்படி கட்டளை வந்ததாகவும் ஒரு பகுதி உண்டு. அங்கே மறைத்து வைப்பது இழிவு அன்று, பெருமையே. போலிப் போதகர்கள் தங்கள் நூல்களை இரகசிய வெளிப்பாடு என்று பரப்பத் தொடங்கிய பிறகுதான் திருச்சபைத் தந்தையர் வாயில் இச்சொல் ‘நம்பத்தகாதது’ என்று திரிந்தது.

அந்தத் திரிபு நேர்ந்த பின்னும் தோபித்தையோ யூதித்தையோ எல்லாரும் இந்தப் பெயரால் அழைத்துவிடவில்லை. கி.பி. 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா மடல், திருமுறை நூல்கள் (வேதமாக ஏற்கப்பட்டவை), புதிதாக வருபவர்கள் படிக்கத் தக்க நூல்கள், அப்போக்ரிஃபா என மூன்றாகப் பிரிக்கிறது. தோபித்தும் யூதித்தும் அங்கே இரண்டாம் வகையில் நிற்கின்றன. யூதரின் எபிரேய வேதப் பட்டியலில் இல்லாதவை அனைத்தும் அப்போக்ரிஃபாவே என்று கோடு கிழித்தவர் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஜெரோம். ஆனாலும், ஆயர்கள் கேட்டுக்கொண்டதால் தோபித்தை அவரே மொழிபெயர்த்தார். ஒரு நாள் உழைப்பில் முடித்ததாக முன்னுரையிலும் எழுதினார். அவர் காலத்து ஆயர் அகுஸ்தீனோ இந்நூல்களைத் திருமுறையிலேயே சேர்த்து எண்ணினார். 1534ஆம் ஆண்டு ஜெர்மன் வேதாகமத்தில் மார்ட்டின் லூத்தர் இவற்றை இரு ஏற்பாடுகளுக்கும் நடுவில் தனியே வைத்து, பரிசுத்த வேதத்துக்குச் சமமாகக் கருதப்படாதவை, எனினும் படிப்பதற்குப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பிட்டார். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் இவற்றை மற்ற நூல்களோடு சமமான பக்தியுடன் ஏற்பதாக அறிவித்தது. அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பின் சீயென்னா நகரத்துச் சிக்ஸ்துஸ் என்னும் துறவி ‘இரண்டாம் திருமுறை’ என்று பொருள்படும் புதிய சொல்லை இவற்றுக்கு உண்டாக்கினார்.

‘கிங் ஜேம்ஸ்’ எனப்படும் 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்திலும் இந்நூல்கள் இருந்தன. அந்தப் பதிப்பு ஒன்றே பழுதற்றது என்று வாதாடுகிறவர்களில் பலர் இதை அறியாமலே பேசுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இவற்றை அச்சிடத் தன் பணத்தைச் செலவிடுவதில்லை என்று பிரிட்டிஷ் அண்டு ஃபாரின் பைபிள் சொசைட்டி 1826இல் முடிவு செய்த பிறகுதான், 66 நூல்கள் மட்டும் கொண்ட வேதாகமம் உலகெங்கும் பெருவழக்காயிற்று.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. சீர்திருத்தத் திருச்சபையார் அப்போக்ரிஃபா என்னும்போது மேற்சொன்ன ஏழு நூல்களை நினைக்கிறார்கள். கத்தோலிக்கர் அதே சொல்லால் தோமா நற்செய்தி, பேதுரு நற்செய்தி போல எந்தத் திருச்சபையும் வேதமாக ஏற்காத நூல்களைக் குறிக்கிறார்கள். ‘அப்போக்ரிஃபாவை நாங்கள் ஏற்பதில்லை’ என்று இருவருமே உண்மையாகச் சொல்ல முடியும். ஆனால் இருவரும் மறுப்பது வேறு வேறு நூல்களை.

இனித் தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் வைப்பதானால் ‘மறைநூல்’ என்றாக வேண்டும். ஆனால் தமிழில் மறை என்பதே வேதத்துக்குப் பெயர். மறையுரை, மறைக்கல்வி, மறைமாவட்டம் என்று திருச்சபை வழக்கிலும் அது ஊறிக் கிடக்கிறது. வேதத்துக்குப் புறம்பானது என்று சொல்ல வந்த இடத்தில் ‘மறைநூல்’ என்று எழுதினால், இதுதான் வேதம் என்று சொன்னதாக ஆகிவிடும்.

‘தள்ளுபடி ஆகமங்கள்’ என்பது சீர்திருத்தத் திருச்சபைகளில் நெடுநாளாக வழங்கும் பெயர். இது கிரேக்கச் சொல்லின் பொருளைத் தருவதில்லை, அந்நூல்கள் மீது ஒரு சாரார் அளித்த தீர்ப்பைத் தருகிறது. மனுத் தள்ளுபடி, கடன் தள்ளுபடி என்று நாள்தோறும் கேட்கும் காதுக்கு, லூத்தர் சொன்ன ‘படிக்க நல்லவை’ என்ற பாதி இச்சொல்லில் கேட்கவே கேட்காது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்கிறது. திருமுறை என்பது சைவர்களின் பன்னிரு திருமுறையில் பழகிய சொல். அளவுகோல் என்று பொருள்படும் ‘கானோன்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு முறை என்பது நன்றாகவே பொருந்துகிறது. ‘இணை’யில்தான் நுட்பம் இருக்கிறது. சிக்ஸ்துஸ் உண்டாக்கிய மூலச் சொல்லில் இருப்பது இரண்டாவது என்னும் பொருளுள்ள ‘தெயுத்தெரோஸ்’. பழைய ஏற்பாட்டின் ஐந்தாம் நூலான உபாகமத்துக்கு அதே பதிப்பு வைத்த பெயர் ‘இணைச்சட்டம்’, அங்கும் மூலம் இதே சொல்தான். இரண்டாவதாக வந்தது என்பது காலத்தைச் சொல்வது. இணை என்பதோ ஒப்பையும் சேர்த்துச் சொல்வது. ஆகவே திரெந்தின் ‘சமமான பக்தி’ இந்தத் தமிழ்ச் சொல்லுக்குள் ஓசையின்றி வந்து அமர்ந்திருக்கிறது.

கலப்பு, சுத்தம் என்ற வாதத்தில் இரு சாராரும் எடுப்பது வெளிப்படுத்தல் 22:18, 19 ஆகிய வசனங்களை. கூட்டினீர்கள் என்கிறார் ஒருவர், எடுத்துப்போட்டீர்கள் என்கிறார் மற்றவர். அந்த வசனம் ‘இந்தத் தீர்க்கதரிசன புஸ்தகம்’ என்று சுட்டுவது வெளிப்படுத்தல் நூலை. நூல்களின் பட்டியலைப் பற்றிய வழக்கை அதைக்கொண்டு தீர்க்க இயலாது.

என் கருத்தில், ஏழு நூல்களைக் குறிக்கும்போது அவற்றை வேதமாக ஏற்கிறவர்கள் வைத்த ‘இணைத் திருமுறை’ என்ற பெயரை எழுதுவதே மரியாதை. அதை எழுதுவதால் எழுதுகிறவர் தம் கொள்கையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. தோமா நற்செய்தி போன்றவற்றுக்குத் ‘திருமுறைப் புறநூல்கள்’ என்பது போதும். பழைய நூலொன்றில் ‘அப்போக்ரிஃபா’ என்றே வந்தால், எழுதியவர் எந்தச் சபையார், எந்த நூலை எண்ணி எழுதினார் என்று பார்த்த பிறகே இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.