சும்மா நிற்கும் விமானத்துக்கு எத்தனை வேலை

1945-இல் பிரிட்டிஷ் பசிபிக் கடற்படைக்குத் தலைமைத் தளம் சிட்னி. சண்டையோ ஜப்பானுக்குத் தென்மேற்கே, சகிஷிமா தீவுகளில். விமானந்தாங்கிக் கப்பல்கள் அங்கே போர் விமானங்களை மளமளவென்று இழந்துகொண்டிருந்தன. எதிரி சுட்டு வீழ்த்தியதைவிட விபத்தில் போனவையே அதிகம். ஒவ்வொரு மாற்று விமானத்தையும் சிட்னியிலிருந்தே அனுப்பிக் கட்டுப்படியாகாது. அதனால் சிட்னிக்கு வடக்கே சுமார் 3,500 கி.மீ. தள்ளி, நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்த மானுஸ் தீவை இடைத்தளமாக வைத்துக்கொண்டார்கள். அதன் கரையோரம் போனாம் என்றொரு குட்டித் தீவு. 1944-இல் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படை கடலடியிலிருந்து பவளக்கல்லை அள்ளிக் கொட்டி அங்கே ஓடுபாதை போட்டிருந்தது. 1945 ஏப்ரலில் பிரிட்டிஷார் அங்கே வந்து, கப்பலுக்கு வைப்பதுபோல ‘எச்.எம்.எஸ். நபரான்’ என்று பெயர் சூட்டினார்கள்.

மாற்று விமானங்கள் அங்கே கையிருப்பாக நின்றன. கையிருப்பு விமானம் சும்மாதானே நிற்கிறது, அதில் என்ன வேலை என்று தோன்றும். அந்த இடத்தின் காற்றை நினைத்துப் பாருங்கள். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உப்பைச் சுமந்து வந்து உலோகத்தின் மேல் படியும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி நசநசக்கிறதே, அதே கதைதான். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழையே பெய்யாவிட்டாலும் இறக்கை மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கும். அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தை அதிலுள்ள குளோரைடு துளைக்கும். அலுமினியத்தில் எஃகு போல்ட் இருந்தால் இன்னும் மோசம். இரண்டு உலோகம், நடுவே உப்புநீர் என்றால் அது ஒரு மின்கலம். அதில் அரிபடுவது அலுமினியம்.

இதைவிடப் பெரிய கவலை எஞ்சின். கோர்ஸேர், ஹெல்கேட் என்ற அமெரிக்கப் போர் விமானங்களில் 18 சிலிண்டர் எஞ்சின். ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்தபின் தங்கும் புரோமின் சேர்மங்கள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். பளபளக்கும் சிலிண்டர் சுவரில் துரு பிடிக்க அது போதும். அதனால் நீண்ட நாள் நிறுத்த வேண்டிய எஞ்சினுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சிலிக்கா ஜெல் அடைத்த மூடியைத் திருகுவார்கள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்கும் பொட்டலத்தில் உள்ள அதே பொருள். நீலமாக இருந்தால் நல்லது, இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும்.

அதற்கப்புறம் புரொப்பெல்லரைத் தொடவே கூடாது. சுற்றினால் பிஸ்டன் அந்த எண்ணெய்ப் படலத்தை வழித்துவிடும். விமானத்தை மறுபடி பறக்கத் தயார் செய்யும்போதோ இதற்கு நேர்மாறு: கையால் சுற்றியே ஆக வேண்டும். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சினில் அடிச் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருக்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனை அசைக்கும் இணைப்புத்தண்டு வளைந்துவிடும்.

இங்கேதான் உண்மையான சிக்கல். நன்றாக மூடிப் பாதுகாத்தால் விமானம் கெடாது, ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. தயாராகவே வைத்திருந்தால் அடிக்கடி எஞ்சினை ஓட்டி, கழுவி, டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விமானிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த வெக்கையில் இந்த வேலையைச் செய்த மெக்கானிக்குகளைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகஸ்டில் போர் முடிந்தது. கோர்ஸேர், ஹெல்கேட் எல்லாம் நேசநாடுகளுக்குப் போர்க்கருவி தரும் ‘கடன்-குத்தகை’த் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்தவை. வைத்துக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும். அந்தக் கடற்படையிடம் மிஞ்சிய விமானங்களில் பலவற்றை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் தள்ளினார்கள்.