ஆர்க்யுமென்ட்: செயலுருபு

கம்பைலரை (நாம் எழுதும் நிரலை இயங்கு கோப்பாக மாற்றும் மென்பொருளை) கட்டளை வரியில் ஓட்டும்போது ஒரு விருப்பத்தேர்வோடு (பேச்சில் ஆப்ஷன்) நாம் சேர்த்துத் தரும் மதிப்புதான் ஆர்க்யுமென்ட். அகராதியைப் பார்த்து இதை 'வாதம்' என்று எழுதியவர்கள் உண்டு. அது பொருந்தாது. லத்தீனில் 'ஆர்குவேரே' என்றால் தெளிவாக்கு, நிறுவு. அதிலிருந்து கிளைத்த சொல் ஒரு பக்கம் வழக்காடலுக்குப் போனது. இன்னொரு பக்கம் வானியல் அட்டவணைகளுக்குள் புகுந்து, எந்த அளவைக் கொண்டு மற்றோர் அளவைத் தேடுகிறோமோ அந்த அளவைக் குறித்தது. கணிதச் சார்புக்குள் இடும் மதிப்பும் நிரலுக்குத் தரும் மதிப்பும் இந்த இரண்டாம் கிளையில் வந்தவை. கலப்பெண் பாடத்தில் வரும் 'வீச்சு' கோணத்தைச் சொல்வது. அதுவும் இங்கே உதவாது.

தமிழ்க் கணினி நூல்களில் வழங்கும் 'செயலுருபு' நல்ல சொல். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி வரும்: வாளால் வெட்டினான். சொல்லுருபோ தனித்து நிற்கும்: வாள் கொண்டு வெட்டினான். கம்பைலர்களும் செயலுருபுகளை ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கின்றன.

சி, சி++ மொழிகளுக்கான கம்பைலரான ஜிசிசியை எடுத்துக்கொள்வோம். அதன் விருப்பத்தேர்வுகள் சி++ நிரலுக்குள் நேரடியாக எழுதப்படுவதில்லை. 'ஆப்ட்' என்று முடியும் பதிவுக் கோப்புகளில் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே ஒரு வெற்று வரி. முதல் வரியில் முன்கோடு (தொடக்கத்தில் வரும் '-' குறி) இல்லாத பெயர், இரண்டாம் வரியில் பண்புகள், அதன் பிறகு உதவிக்குறிப்பு. கம்பைலரைக் கட்டும்போது 'ஆக்' என்ற உரை அலசும் மொழியில் எழுதிய நிரல்கள் இவற்றைப் படித்து அட்டவணையாக்குகின்றன. செயலுருபு எப்படி வரவேண்டும் என்பதை 'ஜாயிண்ட்', 'செபரேட்' ஆகிய பண்புகள் முடிவு செய்கின்றன. முன்னது பெயரோடு ஒட்டி வரும். பின்னது அடுத்த சொல்லாக வரும். இரண்டையும் ஏற்கும் விருப்பத்தேர்வும் உண்டு. வெளியீட்டுக் கோப்பின் பெயரைச் சொல்லும் சிறிய 'ஓ' அப்படிப்பட்டது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மேம்படுத்தல் நிலையைச் சொல்லும் பெரிய 'ஓ'வுடன் 2 சேர்த்துத் தட்ட நினைத்து, சிறிய எழுத்தில் தட்டிவிட்டால் பிழைச் செய்தியே வராது. ஒட்டி வந்த 2 கோப்புப்பெயராகக் கொள்ளப்பட்டு, '2' என்ற பெயரில் இயங்கு கோப்பு உருவாகும்; மேம்படுத்தலும் நடந்திருக்காது. பெரிய 'ஓ'வுக்கோ செயலுருபு ஒட்டித்தான் வரவேண்டும், இல்லாமலும் இருக்கலாம். அதற்கும் 2க்கும் இடையே இடைவெளி விட்டால் 2 ஒரு உள்ளீட்டுக் கோப்பாகக் கருதப்பட்டு, அப்படியொரு கோப்பு இல்லை என்ற பிழை வரும்.

மதிப்பைச் சரிபார்க்கும் பண்புகள் தனி. 'யுஇன்டிஜர்' இருந்தால் எதிர்ம எண் அல்லாத முழு எண் மட்டுமே செல்லும். 'இன்டிஜர்ரேஞ்ச்' எல்லை போடும்: சுவிட்ச் கட்டளையில் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு வழுகிப் போவதை எச்சரிக்கும் விருப்பத்தேர்வுக்கு எல்லை 0 முதல் 5 வரை, 6 தந்தால் மறுக்கப்படும். 'எனம்' என்பது அனுமதித்த சொற்களின் பட்டியல். குறியீடுகளின் வெளித்தெரிவைக் கட்டுப்படுத்தும் 'எஃப்விசிபிலிட்டி'க்கு டீஃபால்ட், ஹிடன், இன்டர்னல், ப்ரொடெக்டட் ஆகிய நான்குதான். எழுத்துப்பிழை இருந்தால் பட்டியலைக் காட்டி, அருகில் உள்ள சொல்லையும் பரிந்துரைக்கும்.

புதிதாகப் பதிவு எழுதுபவர் மறக்கும் பண்பு 'ரிஜெக்ட்நெகட்டிவ்'. எஃப், டபிள்யூ, எம் எழுத்துகளில் தொடங்கும் எல்லா விருப்பத்தேர்வுக்கும் 'நோ' சேர்ந்த எதிர்மறை வடிவம் உண்டு என்று ஜிசிசி கருதிக்கொள்ளும். மதிப்பு கேட்கும் விருப்பத்தேர்வுக்கு எதிர்மறை பெரும்பாலும் அர்த்தமற்றது. இந்தப் பண்பை வைத்தால்தான் தடுக்க முடியும். மதிப்பே தராமல் விட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பதிவிலேயே எழுதலாம். சிறிய 'ஓ'வுக்குப் பின் கோப்புப்பெயர் இல்லை என்ற செய்தி அப்படி வருவதுதான்.

செயலுருபு போலத் தோன்றினாலும் செயலுருபாக இல்லாதது ஒன்று இருக்கிறது. சி மொழியின் எந்தத் தரநிலையைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் 'எஸ்டிடி' சமக்குறி 'சி99' என்பதைப் பார்த்தால் சி99 என்பது மதிப்பு என்றுதான் தோன்றும். ஜிசிசியின் பதிவில் 'எஸ்டிடி=சி99' முழுவதுமே ஒரு விருப்பத்தேர்வின் பெயர்; சி11க்குத் தனிப் பதிவு. அதனால் இல்லாத தரநிலையைத் தந்தால் 'செயலுருபு தவறு' என்று வராது. 'அறியாத விருப்பத்தேர்வு' என்றுதான் வரும்.

பிழைச் செய்திகளைத் தமிழாக்குபவர்கள் மூன்றைப் பிரித்தே எழுத வேண்டும்: விருப்பத்தேர்வு அறியப்படவில்லை, செயலுருபு இல்லை, செயலுருபு ஏற்கத்தக்கதல்ல. முதலாவதைக் கண்டவர் பெயரைத் திருத்துவார், இரண்டாவதைக் கண்டவர் மதிப்பைச் சேர்ப்பார், மூன்றாவதைக் கண்டவர் மதிப்பை மாற்றுவார். 'அளபுரு' என்ற சொல்லைப் பாராமீட்டருக்கு விட்டுவைப்பது நல்லது. ஜிசிசியில் 'பாராம்' என்ற பெயரிலேயே தனி விருப்பத்தேர்வு இருப்பதால், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் திணறுவார்.