குவாரண்டைன்: தனிமையா, காப்பா?

2020 கொரோனாக் காலத்தில், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை செக்போஸ்ட்டில் இ-பாஸைக் கையில் பிடித்து நின்றவர்கள் வழியாகத்தான் 'குவாரண்டைன்' எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் வந்தது. அதற்கு முன்பே அந்தச் சொல்லை அன்றாடம் புழங்கிவந்தவர்கள், கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் எங்களைப் போன்ற சில கிறுக்கர்கள். புது மீன் வாங்கினால் பெரிய தொட்டியில் நேராக விடக்கூடாது, 'க்யூடி'யில் போடு என்போம். க்யூடி என்றால் குவாரண்டைன் டேங்க். இந்தச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

சொல் பிறந்தது ஏட்ரியாட்டிக் கடற்கரையில். பிளேக் பரவிய காலத்தில், 1377இல், இன்று குரோவேஷியாவில் டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுகம், நோய் கண்ட இடங்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே காத்திருக்க வேண்டும் என்று விதித்தது. பிறகு 30 நாள் 40 ஆயிற்று. வெனிஸ்காரர்கள் பேச்சில் நாற்பதுக்குக் 'குவாரந்தா', அதிலிருந்து 'குவாரந்தேனா'. கிறிஸ்தவர்களின் தவக்காலத்து நாற்பது நாள்தான் இந்தக் கணக்குக்கு மூலம் என்பாரும் உண்டு. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

நம் கரையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போனவர்களை நிறுத்திவைத்துப் பரிசோதித்த முகாம் மண்டபத்தில் இருந்தது. அந்தப் பரிசோதனை முகாம் போய்விட்டது, 'மண்டபம் கேம்ப்' ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று இன்று அங்கேதான் இருக்கிறது. மனிதரைத் தடுத்துவைத்த ஊரில் மீன் ஆராய்ச்சி.

ஆக, சொல்லின் உயிர் நாள் கணக்கில் இருக்கிறது. 'தனிமைப்படுத்தல்' என்று எழுதும்போது அந்த நாள் கணக்கு காணாமல் போகிறது. இன்னொரு குழப்பமும் சேர்கிறது: நோய் வெளிப்பட்டவரைப் பிரித்துவைப்பது வேறு, நோய் இருக்குமோ என்று பார்த்திருப்பது வேறு. முன்னதற்குத் 'தனிமைப்படுத்தல்' பொருந்தும். குவாரண்டைன் பின்னது. மீன் வளர்ப்பில் இரண்டையும் ஒரே தொட்டியில் செய்வதால் குழப்பம் இரட்டிப்பு.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்பதை நான் ஒரு ப்ளூ டாங் என்ற நீல மீனிடம் கற்றேன். கடைக்காரர் 'நல்லாத் தின்னும் மீன்' என்றார். பெரிய தொட்டியிலேயே விட்டேன். மூன்றாம் நாள் துடுப்பில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். எட்டிப் பார்த்த அம்மா, "மக்களே, மீனுக்கும் அம்மை போடுமா?" என்றாள். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி அது. மீன் உடம்பில் சில நாள் தின்றுவிட்டு உதிரும், அடியில் கூடுகட்டிப் பெருகும், கூடு வெடித்துக் குஞ்சுகள் மறுபடி மீனைத் தேடி நீந்தும். உதிர்ந்ததும் புள்ளி மறைந்துவிடும். 'சரியாயிற்று' என்று நாம் ஏமாறும் இடம் அதுதான். இதற்குப் போடும் செம்பு மருந்து கொல்வது நீந்தும் பருவத்தை மட்டுமே. மீன்மேல் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. அதனால் அளவு குறையாமல் வாரக்கணக்கில் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். நேரடிச் செம்பு மருந்தென்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனே போய்விடும். தினமும் கிட் வைத்துச் சோதிக்க வேண்டும். மணலும் பவளக் கல்லும் செம்பை உறிஞ்சும், இறாலும் பவளமும் செம்பில் சாகும். ஆகவே வெறுந்தொட்டி. மருந்தை இழுத்துவிடும் ஃபில்டர் கார்பனையும் எடுத்துவிட வேண்டும்.

வெறுந்தொட்டியில் மீனுக்கு வருவதை ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். தமிழில் 'மன அழுத்தம்' என்று போட்டால் மீனுக்கு ஆபீஸ் வேலை இருப்பதுபோல ஆகிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சிலும் எல்லை தாண்டி மலையாளத்திலும் புழங்கும் 'வெப்ராளம்' போதும், பதற்றம் என்று பொருள். வெப்ராளப்பட்ட மீன் மூலையில் ஒண்டும், வேகவேகமாகச் செவுள் அடிக்கும், நிறம் மங்கும், தீனியைத் தொடாது. பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி எல்போ நாலு போட்டேன், ஒளிய இடமாயிற்று. மூன்று பக்கம் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கைக் குறைத்து, துள்ளி விழாமல் மூடி போட்டேன். மருந்தை ஒரே நாளில் ஏற்றாமல் சில நாளில் ஏற்றினேன். அமோனியா ஏறாதிருக்க, பழைய தொட்டியின் சம்ப்பில் (தண்ணீர் சுத்தமாகும் அடித்தொட்டியில்) ஊறவைத்திருந்த ஸ்பான்ஜ் ஃபில்டர். ஆறாம் நாள்தான் இறால் துண்டைக் கவ்வியது.

சரி, தமிழ்ச் சொல்? 'ஒதுக்கம்' பொருள் அளவில் நெருங்கும். ஆனால் ஊரை விட்டு ஒதுக்கியதும் வீட்டுக்குள் பெண்களை ஒதுக்கியதும் அதில் ஒட்டிக்கிடக்கின்றன, எனக்குக் கூசுகிறது. 'தடைக்காப்பு' அகராதிக்கு அழகு, வாயில் நிற்காது. அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி: காப்பு. 'கா' என்ற வினையடி. காவலும் காத்தலும் அதன் உடன்பிறப்புகள். செம்பைக் காப்பர் என்பதற்கும் இதற்கும் உறவில்லை, ஒலி ஒப்புமைதான். கோயில் கொடையில் காப்புக் கட்டியவர் ஊரெல்லை தாண்டமாட்டார், குறித்த நாள்வரை விரதம் இருப்பார், பிறகு அவிழ்ப்பார். எல்லை, பத்தியம், நாள், விடுதலை எல்லாம் அதில் இருக்கின்றன. தனிமை மட்டும் இல்லை. சுற்றி ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இதே ஒழுங்குதான்.

எத்தனை நாள் என்பதை நோயே சொல்லும். சித்த வைத்தியத்துக்கு மண்டலம் 48, சபரிமலைக்கு 41. மீனுக்கு நாலு முதல் ஆறு வாரம் வைப்பது வழக்கம். மீனை எடுத்த பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் கிடக்கவிடுபவர்கள் பலர், கூடுகள் அவ்வளவு பொறுமையானவை.

புழங்கும் விதம் இப்படி: தொட்டி 'காப்புத் தொட்டி'. நோய் கண்டபின் மருந்து கொடுக்கும் தொட்டியானால் 'வைத்தியத் தொட்டி'. 'புது மீனைக் காப்பில் விட்டிருக்கேன், ஓணம் கழிஞ்சு காப்பு அவிழ்க்கணும்.'